சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை: இலவசம்தான், ஆனால் மட்டமில்லை

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெண்களுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கும் ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரைகள் பலவற்றில் 100 மி.கி. இரும்பு. எண் பெரிது என்பதற்காக அதற்குச் செலவழிக்க வேண்டாம். இரும்புக் குறைவால் வரும் பெரும்பாலான ரத்தசோகைக்கு இந்தச் சிவப்பு மாத்திரையே போதும்.

சோகை என்றால் அசதி, மூச்சிரைப்பு என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். உள்ளே நடக்கும் சேதம் வேறு. உடம்பில் உருவாகும் நச்சான ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதிக்கு இரும்பு வேண்டும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களுக்கும் வேண்டும். இரும்பு குறைந்தால் பெராக்சைடு தேங்கும், கசியும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைப் பிடித்து சூப்பராக்சைடு என்ற சேதம் செய்யும் மூலக்கூறு ஆகும். இந்த ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் சவ்வு கெட்டு, சுமார் 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு முன்னதாகவே அழிகிறது. சோகை இன்னும் கூடுகிறது.

அளவு மிஞ்சினாலும் ஆபத்துதான். கட்டற்ற இரும்பு பெராக்சைடோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். அது சூப்பராக்சைடைவிடக் கொடியது. நேற்று மறந்ததற்கு இன்று இரண்டாகப் போடுவது அதனால்தான் தவறு. ஒரு மாத்திரை போட்டதும், இரும்பு உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் குடலின் வாசலை அடைத்துவைக்கும். உறிஞ்சப்படாத இரும்பு குடலிலேயே கிடந்து எரிச்சலும் மலச்சிக்கலும் தரும். லேசான குறைபாட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் தினமும் போட வேண்டும், நிறுத்தக் கூடாது.

மாத்திரை பலிக்காமல் போக முதல் காரணம் டீ. காலையில் டீயோடு விழுங்கினால் பாதிக்கு மேல் வீண். டீக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ, வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். கொஞ்சம் குறைவாகத்தான் சேரும், ஆனாலும் விடுவதைவிட மேல். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

குறை என்றால் சர்க்கரைப் பூச்சு. கடலோர ஈரக்காற்றில் அது பிசுபிசுத்து வெடிக்கும், உள்ளே எளிதில் சேரும் ஃபெரஸ் வகை இரும்பு ஃபெரிக் வகையாக மாறும், அது குறைவாகவே உடம்பில் சேரும். பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். பழுப்புப் புள்ளி விழுந்ததை மாற்றி வாங்குங்கள்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாதவிடாய் மிகைப்போக்கு, குடற்புழு, தலசீமியா பண்பு (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறை) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்பும். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.