தேக்கு என்று சொல்லி ரப்பர் மரத்தைத் தலையில் கட்டினார்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் மரப்பெட்டி செய்து படம் வரைந்து கொடுக்கிற ஒரு கடையில் மாட்டிக்கொண்ட கதை இது. ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர்ப் பெட்டி, வளையல் பெட்டி என்று சொல்லிவைக்க ஆட்கள் அலைகிற நேரம். அதனால்தான் எழுதுகிறேன்.

தென்காசியில் தங்கச்சி வீட்டுப் பால்காய்ச்சுக்குக் கொடுக்க ஒரு பெட்டி சொன்னேன். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், தேக்குப் பலகை. நான்கு பக்கமும் ஸ்டென்சில் (பூ வடிவம் வெட்டின தகடு) வைத்துத் தாமரைக் கரை, மூடியில் மயில். விலை 7,500 ரூபாய், அட்வான்ஸ் 4,000. "நாட்டுத் தேக்கு அண்ணாச்சி. பேரப்பிள்ள காலம் வரைக்கும் கிடக்கும். கலரு அம்பாசமுத்திரம் சொப்பு மாதிரி நிக்கும், பாத்துக்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

அம்பாசமுத்திரத்து மர விளையாட்டுச் சொப்புச் சாமானில் வண்ணம் நிற்பதற்குக் காரணமே வேறு. கடைசல் எந்திரத்தில் மரம் சுற்றும்போது அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு பிடித்துக்கொள்ளும். நாலு மூலைப் பெட்டியைக் கடைசலில் எப்படிச் சுற்றுவது? வாய்ச்சாமர்த்தியம்தான்.

விசேஷத்துக்கு முந்தின நாள் இருட்டின பிறகுதான் பெட்டி கைக்கு வந்தது. வார்னிஷ் பளபளத்தது, வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். சாரல் பிடித்ததும் தங்கச்சி போன் போட்டாள்: "அண்ணே, பெட்டிக்கு அடியில மாவு மாதிரி கொட்டிக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். பலகையில் குண்டூசி குத்தினது போலப் பொடிப்பொடி ஓட்டைகள். தட்டினால் ஒவ்வொன்றிலிருந்தும் வெளுத்த தூள் விழுகிறது. அடிப்பலகை ஊதிப்போய் ஓரத்தில் பிரிந்து நின்றது. அந்த அடிப்பலகை மரமே இல்லை, எம்டிஎஃப் (மரநாரைப் பசை போட்டு அழுத்தின பலகை). தாமரை ஒன்றின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன், பூ முழுசாக உரிந்து கையோடு வந்தது. ஸ்டிக்கர்! மேலே வார்னிஷ் அடித்து மறைத்திருக்கிறார்கள். ஸ்டென்சில் வேலைக்கென்று தனியாகக் கணக்குக் காட்டின 1,500 ரூபாயும் அந்த 7,500-க்குள் அடக்கம்.

கல்லிடைக்குறிச்சியில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். உளியால் உள்பக்கம் லேசாகச் சீவினார். மேலே பூசின காப்பிப்பொடி நிறம், அடியில் வெள்ளை வெளேர். "ரப்பர் மரம். மருந்து ஏத்தாம அடிச்சிருக்கான். இதுல மாவுச்சத்து ஜாஸ்தி, பூச்சி விடாது" என்றார். தேக்கிலும் வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தை உளு (மரம் அரிக்கிற வண்டு) அரிக்குமாம்; நடுவிலிருக்கிற வைரம் பாய்ந்த மரத்தைத் தொடாதாம். மூலைகளில் பலகையைப் பல் வெட்டிக் கோர்க்கவில்லை, வெறும் ஆணி; அதற்கு மேல் பட்டி (புட்டி) பூசி மறைத்திருக்கிறார்கள்.

கடைக்காரரிடம் கேட்டால், "மழத் தண்ணியில வச்சிருப்பீங்க, நாங்க என்ன செய்ய முடியும்?" என்கிறார். நல்லவேளை, தேக்கு என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பின செய்தியும் ஜிபே ரசீதும் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போனால் போதும்.

பெட்டி செய்யக் கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: பட்டியும் பெயிண்டும் ஏறுவதற்கு முன்னால் வெறும் பெட்டியைப் பார்க்கவேண்டும். பலகையின் வெட்டு முனை, மூலை, அடிப்பலகை எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். காட்டமாட்டேன் என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். பூச்சி மருந்தும் அந்த நிலையில்தான் மரத்துக்குள் இறங்கும். பெயிண்டுக்கு மேலே எதைத் தடவினாலும் வீண்.

ஸ்டென்சிலா ஸ்டிக்கரா என்று பார்ப்பது சுலபம். தகடு அறுந்துவிடாமல் இருக்க வெட்டும்போது நடுநடுவே இணைப்பு விடுவார்கள், அதனால் ஸ்டென்சில் பூவில் இதழுக்கும் இதழுக்கும் இடையே சின்ன இடைவெளி இருக்கும். ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பதால் ஒரு பூ கொஞ்சம் அடர்த்தி, அடுத்தது கொஞ்சம் வெளிறல். இருபது பூவும் அச்சடித்தது போல ஒன்றாக இருந்தால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெட்டியைப் புடவை பீரோவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தப் பூச்சி துணியைத் தொடாது, ஆனால் பக்கத்திலிருக்கிற மரச் சாமானுக்குத் தாவும். தங்கச்சி வீட்டில் புது வாசல் நிலையை இப்போது தினமும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.