திண்ணை, விடுதி, நகல்: புதுச்சேரியின் பழைய வீடுகளுக்கு மூன்று வழிகள்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பலர் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரப் பிரெஞ்சுப் பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியைப் பற்றித்தான் கவலை. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடியாகும் பகுதி அது. பழைய கட்டடங்களைக் காப்பாற்ற இந்த ஊர் மூன்று வழிகளைப் பார்த்துவிட்டது.

முதல் வழிக்கு வைசியாள் வீதி சாட்சி. கல்வே சுப்புராய செட்டி வீதி என்றும் சொல்வார்கள். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னவ்-சூர்-லோ நகரங்களோடு கைகோத்து, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் வழிகாட்டலில் இங்கே வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள். குடியிருந்தவர்கள் குடியிருந்தபடியே வேலை நடந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

ஒரு வீட்டின் முன்னால் நின்று பாருங்கள். மரத்தூண்கள் தாங்கும் சாய்வான ஓட்டுக்கூரையோடு தாழ்வாரம். அதை ஒட்டித் திண்ணை, அப்புறம் தலைவாசல், உள்ளே முற்றம். நிமிர்ந்தால் மாடியில் வளைவுச் சன்னல்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. நான் போன மதியம் ஒரு பாட்டி திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெயிலுக்கு ஒதுங்கிய தபால்காரர் தாழ்வாரத்திலேயே கடிதங்களைப் பிரித்து அடுக்கினார். தெரு பிழைத்திருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் வேலை முகப்போடு நின்றது. உள்ளே மழை ஒழுகினால் அது வீட்டுக்காரர் பாடு. பங்காளிகளில் ஒருவர் பிரான்சில், ஒருவர் சென்னையில் என்றால், ஓர் உத்திரம் மாற்றக் கையெழுத்து வாங்குவதற்குள் இரண்டு மழைக்காலம் ஓடிவிடும்.

உள்ளே பழுதுபார்க்கும் பணத்தைப் போட வல்லது இரண்டாவது வழி, வீட்டை விடுதியாக்குவது. ரோமேன் ரோலன் வீதியில் கல்வித்துறை இருந்த பழைய மாளிகை ஓத்தெல் தெ லோரியான் என்ற விடுதி ஆனது. தமிழர் பகுதியில், பெருமாள் கோயில் தெருவின் மேசோன் பெருமாள் விடுதி, இரண்டு முற்றங்கள் கொண்ட செட்டியார் வீடு. இங்கே தளம், தூண், முற்றம் எல்லாம் பிழைக்கின்றன. சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனாருக்கும் பழைய கதவைக் கழற்றி மாட்டத் தெரிந்த தச்சருக்கும் தொடர்ந்து வேலை கிடைக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கை போய்விட்டால் அடுத்த வீட்டைத் தொட ஆள் இருக்காது. ஆனால் ஒரு தெருவில் நாலைந்து வீடுகள் இப்படிப் போனால் திண்ணையில் உட்கார ஆள் இல்லை. வாடகையும் ஏறி, பக்கத்து மளிகைக்கடைக்காரர் இடம் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, இடிந்தபின் அதே தோற்றத்தில் கட்டுவது. கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் எழுந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதே தோற்றத்தில் சுமார் 15 கோடி ரூபாயில் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கடற்கரைக்கு அந்த முகம் திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். பொதுக் கட்டடத்துக்கு இது சரி. தனியார் வீட்டுக்கு யார் இத்தனை செலவழிப்பார்கள்?

எனக்குச் சந்தேகமில்லை: முதல் வழிதான் வேண்டும், ஆனால் முகப்பிலிருந்து கூரைக்கு ஏற வேண்டும். இந்த வீடுகள் மேலிருந்துதான் சாகின்றன. மழைநீர்க் குழாய் அடைக்கிறது, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கிறது, மர உத்திரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட மெட்ராஸ் டெரஸ் மாடித்தளத்தில் ஈரம் இறங்கி மர உத்திரத்தின் நுனி சுவருக்குள்ளேயே இற்றுப்போகிறது. ஒழுகலை நிறுத்தச் சிமெண்டை அள்ளிப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் உப்புப் பூத்துக் காரை பெயர்கிறது.

அடுத்த உதவித்தொகை எப்போது வந்தாலும், ஐப்பசி மழைக்கு முன் தளம் பழுதுபார்க்க வீட்டுக்கு இவ்வளவு என்று முதலில் ஒதுக்கட்டும். வண்ணம் பூசுவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.