தனி ஆலோசகராகக் கிளம்புகிறீர்களா? சொந்தப் பெயர், எல்எல்பி, ஓபிசி: ஓர் ஒப்பீடு

கோவையில் பம்ப் கம்பெனி, பவுண்டரி என்று பல வருடம் வேலை பார்த்த பொறியாளர்கள், வேலையை விட்டுவிட்டு ஆலோசகராகக் கிளம்பும்போது ஆடிட்டரிடம் முதலில் கேட்பது, "கம்பெனியாவே பதிவு பண்ணிடலாமா சார்?" என்பதுதான். விசிட்டிங் கார்டில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தால் ஒரு கெத்து. ஆனால் ஒற்றை ஆளாகத் தொடங்குகிறவருக்குப் பெரும்பாலும் சொந்தப் பெயரே போதும் என்பது என் கட்சி.

முக்கியக் காரணம் வரி. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களைத் தனிநபராகச் செய்தால், ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லிப் பழகிய சலுகை உண்டு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் (ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டிவிடலாம். நிஜ லாபம் அதைவிட அதிகமென்றால் அதைக் காட்டுவதுதான் முறை. தணிக்கைத் தொல்லை இல்லை. 24 லட்சம் வரவு, 12 லட்சம் வருமானம், வேறு வருமானம் இல்லை என்றால், 2025-26 முதல் புதிய வரி முறையில் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். மனிதவளம், மார்க்கெட்டிங் ஆலோசகர்கள் மட்டும் தங்கள் தொழில் அந்தப் பட்டியலில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வரி பூஜ்யம் என்றதும் துள்ள வேண்டாம். தொழில்முறைக் கட்டணம் என்று பில் போட்டால் வாடிக்கையாளர் 10 சதவீதம் டிடிஎஸ் (உங்கள் கணக்கில் முன்கூட்டியே அரசுக்குக் கட்டும் வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார். 24 லட்சத்தில் 2.4 லட்சம், ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும்வரை அரசிடம் கிடக்கும். மாதச் சம்பளத்துக்குப் பழகிய வீட்டில் முதல் வருடம் மூச்சு முட்டுவது இங்கேதான். வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டியும் வந்து சேரும். பெரிய கம்பெனிக்கு அது பாரமில்லை, உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சின்னப் பட்டறைக்காரர்தான் "பில் இல்லாம முடிச்சுக்கலாமே" என்பார்.

எல்எல்பி, அதாவது பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம். இதற்கு இரண்டு பங்குதாரர் வேண்டும். மனைவி பெயரைச் சேர்த்து ஒப்பேற்றுகிறவர்கள் நிறைய. 44ஏடிஏ இதற்குக் கிடையாது. பங்குதாரர் சம்பளம் போக மிஞ்சும் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் செஸ் என்ற இன்னொரு வரி. வியாபாரமே நடக்காவிட்டாலும் வருடத்துக்கு இரண்டு படிவம் போட்டாக வேண்டும். தணிக்கை மட்டும், வரவு 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டினால்தான். நிஜமாகவே கூட்டாளியோடு தொடங்குகிறீர்கள் என்றால் இதுவே சரி.

"பொறுப்பு வரம்புக்குள் இருக்குமே, வீடு வாசல் தப்புமே" என்பார்கள். கடனுக்கு அது உண்மை. ஆனால் நீங்களே தந்த ஆலோசனை தப்பாகி, உருக்கிய வார்ப்பு முழுக்க ஸ்க்ராப்புக்குப் போனால், எல்எல்பி சட்டப்படி தன் சொந்தத் தவறுக்குப் பங்குதாரர் நேரடியாகவே பொறுப்பு. தனியாளின் தொழிலில் தவறெல்லாம் சொந்தத் தவறுதானே. அதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எடுப்பதே உருப்படியான வழி.

ஓபிசி, அதாவது ஒருநபர் கம்பெனி. ஒரு நாமினி வேண்டும். வரவு ஒரு ரூபாயானாலும் தணிக்கை கட்டாயம். வரி 22 சதவீதம், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் 25ஐத் தாண்டும்.

பாக்கி வசூலில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை யாரும் எடுக்கலாம், இலவசம். எடுத்துவிட்டால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும்; தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் வாடிக்கையாளரால் கழித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் மார்ச் கடைசியில் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து அவர்களே போன் செய்கிறார்கள்.

சொந்தப் பெயர் தோற்கும் இடம் ஒன்று உண்டு. சில பெரிய நிறுவனங்களின் வெண்டார் படிவம் கம்பெனிப் பதிவு எண்ணைக் கேட்கும்; இல்லையென்றால் பர்சேஸ் பிரிவு அதற்கு மேல் நகராது. சொந்தப் பெயரில் ஆரம்பித்துப் பின்னால் மாறினால் பான், ஜிஎஸ்டி எண், வெண்டார் கோடு எல்லாமே புதிது. கைவசம் இருப்பது அப்படி ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர்தான் என்றால், முதல் நாளே ஓபிசி போட்டுவிடுங்கள்.