கேசியோ 991இஎஸ் பிளஸ் கால்குலேட்டர்: ஒரே கணக்கில் இரண்டு முக்கோணம் வந்தால் எப்படி?

ஒரு முக்கோணத்தில் ஒரு கோணம் 30°. அதன் எதிர்ப்பக்கம் 6, இன்னொரு பக்கம் 10. சைன் விதிப்படி 10 × சைன் 30 ÷ 6 போட்டு, வந்த மதிப்புக்கு ஷிஃப்ட் சைன் அழுத்தினால் 56.4427 என்று காட்டும். சரிதான், ஆனால் பாதி விடை. 123.5573°-க்கும் அதே சைன் மதிப்புதான். 30-ஐக் கூட்டினாலும் 180-ஐத் தாண்டாததால் அதுவும் முறையான முக்கோணமே. இது இந்த மாடலின் குறை அல்ல; எந்த கால்குலேட்டரும் தலைகீழ் சைனுக்கு −90-க்கும் 90-க்கும் இடைப்பட்ட ஒரே கோணத்தைத்தான் தரும். மற்றதை நாம்தான் 180-இலிருந்து கழித்து எடுக்க வேண்டும். பரீட்சை அவசரத்தில் முதலில் மறந்துபோவது அந்தக் கழித்தல்தான்.

இந்த வகைக் கணக்குக்கு 991இஎஸ் பிளஸ் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் அதில் உள்ள சைன் பட்டனுக்காக அல்ல, சமன்பாடு தீர்க்கும் ஈக்யூஎன் (EQN) மோடுக்காக. கொசைன் விதியை மூன்றாம் பக்கத்துக்கான இருபடிச் சமன்பாடாக மாற்றிக்கொண்டால் இரண்டு முக்கோணமும் ஒரே மூச்சில் வந்துவிடும். மோட் 5, பிறகு 3. முதல் கெழு 1. இரண்டாவது கெழுவை −2×10×காஸ் 30 என்று அப்படியே அடிக்கலாம், −17.32 என்று வெட்டிப் போடாதீர்கள். மூன்றாவது 10² − 6². ஒவ்வொன்றுக்கும் பின் சமக்குறி. முதல் மூலம் 11.9769, மறுபடி சமக்குறி அழுத்தினால் 5.3436. இரண்டையும் பெருக்கினால் 64 வரவேண்டும், அதாவது மூன்றாவது கெழு. வராவிட்டால் எங்கோ தப்பாக அடித்திருக்கிறீர்கள்.

எத்தனை முக்கோணம் என்று தனியாக யோசிக்கவே வேண்டாம், மூலங்களின் குறியே சொல்லிவிடும். இரண்டும் நேர்மம் என்றால் இரண்டு முக்கோணம். ஒன்று மட்டும் நேர்மம் என்றால் ஒன்றுதான். நேர்மமே இல்லையென்றால் முக்கோணமே இல்லை. எதிர்ப்பக்கத்தை 5 ஆக்கிப் பாருங்கள்: ஒரே மூலம், செங்கோண முக்கோணம். 4 ஆக்கினால் 8.66 ± 3i என்று கலப்பெண் வரும், முக்கோணமே இல்லை. கொடுத்த கோணம் விரிகோணமாக இருந்தாலும் இதே வழிதான், விதி மாறாது.

பக்கம் கிடைத்தபின் கோணத்துக்கு மறுபடி சைனிடம் போகாதீர்கள். தலைகீழ் காஸ் 0 முதல் 180 வரை தருவதால் அங்கே குழப்பமில்லை. 5.3436-ஐ வைத்து (36 + 28.554 − 100) ÷ (2×6×5.3436) போட்டால் −0.5528, ஷிஃப்ட் காஸ் நேராக 123.557 தரும். செங்கோணத்தை ஒட்டிய கணக்குகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைகீழ் சைன் 0.998-க்கு 86.38°, 0.999-க்கு 87.44°. மூன்றாம் தசமத்தில் ஒன்று மாறினால் ஒரு டிகிரிக்கு மேல் போய்விடுகிறது.

இனி, அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். மேலே சொன்ன அதே கணக்கைச் சைன் வழியில், கருவி டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற கோண அலகில் இருக்கும்போது போட்டால் மேத் எரர் வரும். 30 ரேடியனின் சைன் −0.988, 10-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் −1.65, அதற்குத் தலைகீழ் சைன் கிடையாது. எதிர்ப்பக்கம் 4 என்றாலும் இதே மேத் எரர்தான், ஏனென்றால் அங்கே மதிப்பு 1.25. எரரைப் பார்த்ததும் ‘முக்கோணம் இல்லை’ என்று எழுதிவிடாமல், முதலில் திரையின் மேல்வரிசையில் டிகிரியைக் குறிக்கும் டி (D) எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஷிஃப்ட் மோட் 3 அழுத்தி டிகிரிக்கு மாற்றுங்கள்.

எந்தச் சமன்பாட்டையும் அடித்து மூலம் தேடும் சால்வ் (SOLVE) வசதியும் உண்டு, ஆனால் இந்த வேலைக்கு அது இரண்டாம் பட்சம். தொடக்க மதிப்பிலிருந்து படிப்படியாக மூலத்தை நெருங்கும் நியூட்டன் முறையில் ஓடுவதால் ஒரு தடவைக்கு ஒரு மூலம்தான். தொடக்க மதிப்பு 1 கொடுத்தால் 5.34, 20 கொடுத்தால் 11.98. ஒரே தடவை ஓட்டிவிட்டு நிறுத்தினால் சைன் பட்டனில் விட்ட அதே பாதியை இங்கேயும் விடுவீர்கள்.

பழைய 991எம்எஸ்-இலும் ஈக்யூஎன் இருக்கிறது, ஒரு பொறியோடு. கலப்பெண் மூலம் வந்தால் முதலில் மெய்ப்பகுதியை மட்டும் காட்டும். எதிர்ப்பக்கம் 4 கணக்கில் திரையில் வெறும் 8.66 நிற்கும், மேல் மூலையில் ஆர்-ஐ என்ற சின்னக் குறி மட்டுமே எச்சரிக்கை. அதைக் கவனிக்காமல் 8.66 நீளப் பக்கம் என்று எழுதினால் இல்லாத முக்கோணத்துக்கு விடை எழுதியதாகிவிடும். ஷிஃப்ட் சமக்குறி அழுத்தினால் கற்பனைப்பகுதி தெரியும்.

இன்னும் எளிய கேசியோ மாடலான 82எம்எஸ்-இல் ஈக்யூஎன்னும் இல்லை, சால்வும் இல்லை. அது போதும் என்பவர்கள் 10 காஸ் 30-ஐயும், 6² − (10 சைன் 30)²-இன் வர்க்கமூலத்தையும் தனித்தனியே கண்டுபிடித்து (8.6603, 3.3166) ஒரு தடவை கூட்டி, ஒரு தடவை கழிக்கவும். மூலக்குறிக்குள் எதிர்மம் வந்தால் மேத் எரர். டிகிரியில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகு வரும் எரர் என்றால், அப்போது தயங்காமல் ‘முக்கோணம் இல்லை’ என்று எழுதலாம்.