டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், ஸ்கேனர்: டேஷ்போர்டு பழுதுக்கு முதலில் எதை எடுப்பது?

மூன்றில், வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர்தான் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அது பழுது எந்தச் சர்க்யூட்டில் என்று மட்டுமே சொல்லும். அந்தச் சர்க்யூட்டில் சென்சார், ஒயர், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) பின், எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. பி0118 (P0118) என்ற பழுதுக் கோடு (குறியீட்டு எண்) வந்ததும், இன்ஜின் குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் கூலண்ட் சென்சாரை வாங்கி மாட்டுவது பணத்தை வீணாக்கும் வழி. அந்தக் கோடு சொல்வது சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதை மட்டும்தான். ஒயர் அறுந்தாலும் அதே கோடுதான் வரும்.

சென்சார் அளவுகளை அந்தந்த நொடியில் காட்டும் லைவ் டேட்டாவோடு சேர்த்தால் ஸ்கேனரின் மதிப்பே வேறு. சென்சார் கப்ளரைக் கழற்றினால் வெப்பநிலை பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி காட்டும். இரண்டு பின் சென்சாராக இருந்தால், ஒயர் பக்கத்து இரண்டு பின்னையும் சின்ன ஒயரால் இணையுங்கள். அளவு சட்டென்று 130 டிகிரியைத் தாண்டினால் ஒயரிங்கும் கம்ப்யூட்டரும் சரி, சந்தேகம் சென்சார் மேல். இணைத்த பிறகும் மைனஸ் 40-லேயே நின்றால் சென்சாரைத் தொடவே வேண்டாம், ஒயரைத் தேடுங்கள். மலிவான ப்ளூடூத் அடாப்டர்கள் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். மீட்டர் கிளஸ்டர், ஏபிஎஸ், பாடி கன்ட்ரோல் பக்கம் போக அந்த வண்டிக்கான ஸ்கேனர் வேண்டும்.

டெஸ்ட் லாம்ப்பை (ஒரு ஒயரை எர்த்தில் மாட்டி, கூர் முனையால் தொட்டுப் பார்க்கும் பல்பு) பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அது கரண்ட் இழுக்கும். 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் எடுக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம், அதாவது கிட்டத்தட்ட எதையும் எடுக்காது. அதனால் ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் ஒயரிலும், பச்சை பூத்த பின்னிலும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் என்று அழகாகக் காட்டும். லோடு வந்ததும், அதாவது கரண்ட் ஓட ஆரம்பித்ததும், வோல்டேஜ் படுத்துவிடும். லாம்ப் மங்கலாக எரிந்தால் அங்கேயே குட்டு வெளிப்படும். ஃபியூஸ் சோதனைக்கும் இதுதான் வேகம்: பிடுங்க வேண்டாம், சுவிட்ச் ஆனில் ஃபியூஸின் மேலே தெரியும் இரண்டு உலோகக் காதையும் தொடுங்கள், ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது.

கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சார் ஒயர்களிலும் 5 வோல்ட் லைன்களிலும் பல்பு வைத்த லாம்ப்பைக் கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையது. லாம்ப்போ மல்டிமீட்டரோ எதையும் அங்கே வைக்கக் கூடாது. எல்இடி டெஸ்டர் சென்சார் பக்கம் ஆபத்து குறைவு, ஆனால் லோடு எடுக்காததால் மேலே சொன்ன பலன் அதில் கிடைக்காது.

மல்டிமீட்டர் சும்மா வோல்டேஜ் பார்க்கும்போது ஏமாறும், வோல்டேஜ் டிராப், அதாவது கரண்ட் ஓடும்போது இணைப்பில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்க்கும்போது ஏமாறாது. ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து நகர்கிறதா? இண்டிகேட்டர் தாளத்துக்கு முள் ஆடுகிறதா? இரண்டு சென்சார் ஒரே நாளில் கெடாது. பொதுவாக இருப்பது எர்த் அல்லது சப்ளை. ஹெட்லைட், ப்ளோயர் இரண்டையும் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈயத் தூணிலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. சிவப்பு முனை கிளஸ்டரின் எர்த் பின்னில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 வந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி இறுக்குங்கள்.

இதற்கு ஓம் அளவை நம்புவது வீண். 0.3 ஓம் என்றால் பார்க்க நல்ல இணைப்பு மாதிரி இருக்கும், மீட்டர் ஒயரின் தடையே அவ்வளவு வரும். ஆனால் அந்த 0.3 ஓமில் 10 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் காணாமல் போகிறது.

ஏபிஎஸ், ஸ்டீயரிங், இன்ஜின் விளக்குகள் ஒன்றாக எரியும் வண்டியிலும் முதல் வேலை பேட்டரிதான். ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது, ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5. இது சரியென்ற பிறகே ஸ்கேனர். ஸ்கேனர் இணைப்பே கிடைக்கவில்லை என்றால் மறுபடி மல்டிமீட்டர்: முதலில் ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 16-ஆம் பின்னில் பேட்டரி வோல்டேஜும், 4, 5-இல் எர்த்தும் வருகிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, 6-க்கும் 14-க்கும் இடையே ஓம் அளவெடுங்கள். கேன் லைன் (கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு ஒயர்) நேரடியாகச் சாக்கெட்டுக்கு வரும் வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும். 120 என்றால், அந்த லைனின் இரண்டு முனையிலும் இருக்கும் தடைகளில் ஒன்று துண்டாகியிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஷார்ட்.

பெட்ரோல் அளவு மட்டும் தப்பாகக் காட்டும் வண்டியில், டேங்க் யூனிட்டின் (டேங்க்குக்குள் மிதவையோடு இருக்கும் அளவு சென்சார்) கப்ளரைக் கழற்றி, திறந்த டேங்க்குக்கு அருகே அல்லாமல் வெளியே அளவெடுங்கள். தடை வரம்பு எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல: சிலதில் காலியில் 240 ஓம், நிறைந்தால் 33, சிலதில் காலியில் 10, நிறைந்தால் 180. மிதவை நகரும்போது நடுவில் வரும் துள்ளலை டிஜிட்டல் திரை தவறவிடலாம். இந்த ஓர் இடத்தில் பழைய முள் மீட்டரே மேல்.