உப்புப் போடாமல் ஆட்டுத்தோல்: ஐஸா, நிழலா, பொட்டாஷா, நேராகச் சுண்ணாம்பா?

ஈரோட்டுப் பக்கம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தவர்களிடம் உப்பில்லாமல் தோலைக் காப்பது பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். நியாயம்தான். பச்சைத்தோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். சித்திரை வெயிலில் உரித்துச் சில மணி நேரத்திலேயே அழுகல் தொடங்கிவிடும். தோல் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பைத் தேய்த்து அடுக்கினால் மாதக்கணக்கில் நிற்கும். வேறெந்த வழியும் இவ்வளவு மலிவில்லை.

செலவு பின்னால் வருகிறது. அந்த உப்பு பெரும்பாலும் முதல் ஊறல் தண்ணீரில் இறங்கிவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் அது போகாது, ஆர்.ஓ. வேண்டும், மிஞ்சுகிற உப்புநீரைக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும். சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனதென்று பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாற்று வழி எது என்பதைத் தீர்மானிப்பது, உரித்த இடத்துக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதுதான். தொட்டி பக்கத்தில் இருந்தால் என் ஓட்டு நேராகச் சுண்ணாம்புக்கு. காலையில் கறிக்கடையில் உரித்த தோலை அலசி, சதையைச் சீவி, மதியத்துக்குள் தொட்டியில் இறக்கிவிட்டால் காப்புக்கென்று ஒரு கைப்பிடி உப்புகூட வேண்டாம். கெட்டியான சுண்ணாம்பில் கிருமி வளராது, முடியும் கழன்றுவிடும். முடி சீக்கிரம் கழல சோடியம் சல்பைடு சேர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்தத் தண்ணீரில் அமிலம் பட்டால் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும்.

கிடாவெட்டுத் தோல்தான் சிக்கல். குலதெய்வக் கோயிலில் ஒரே காலையில் ஏகப்பட்ட கிடா விழும். எல்லாத் தோலையும் சூடு ஆறாமல் குவித்து, மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். கையை உள்ளே விட்டால் நடுவில் கொதிக்கும். சாயங்காலம் வண்டி வரும்போது அடித்தோலின் வயிற்றுப் பக்கம் முடியைப் பிடித்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வரும். அப்புறம் என்ன செய்தாலும் மேல்பரப்பு ஓட்டைதான். இந்த இடத்துக்கு ஐஸ் நல்ல வழி. முதலில் தோலைத் தனித்தனியாக விரித்துச் சூடாற்ற வேண்டும். பிறகு உடைத்த ஐஸை அடுக்குக்கு அடுக்கு போட்டால் மறுநாள் வரை கவலையில்லை. அதற்கு மேல் நாள் கடத்த குளிர்அறை வேண்டும். அந்தச் செலவு சின்ன வியாபாரிக்குக் கட்டாது.

நிழலில் காய வைப்பது பழைய முறை. மெல்லிய வெள்ளாட்டுத் தோலுக்குச் சரி, எருமைத் தோலுக்கு வேண்டாம். நேர்வெயிலில் போட்டால் மேல்பக்கம் வெந்து பிசினாகி, உள்ளே ஈரம் அப்படியே நின்று அழுகும். நன்றாகக் காய்ந்த தோலையும் வண்டு விடாது. திரும்ப ஊற வைக்கவும் நாளாகும்.

பொட்டாஷ், அதாவது மஞ்சளுக்கும் வாழைக்கும் போடுகிற பொட்டாசியம் குளோரைடு, உப்பு செய்கிற வேலையைச் செய்யும். விலைதான் பல மடங்கு. ஊறல் தண்ணீரை நன்றாகக் கலக்கித் தென்னைக்கு விடலாம் என்பது லாபம். குளோரைடு ஆகாத புகையிலைக் காட்டுக்கு விடாதீர்கள். உரக்கடையில் கிடைக்கிற சிவப்புப் பொட்டாஷ் வேண்டாம். அந்தச் சிவப்பு இரும்பால் வருவது. பின்னால் பதனிடப் பட்டைச்சாற்றில் போடும்போது கறுப்புக் கறை விழ வாய்ப்புண்டு.

இத்தனையும் காப்பு வரைக்கும்தான். பிக்கிள், அதாவது பதனிடும் முன் தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் போடுவது, வேறு கதை. காப்பில் உப்பை விட்டவர்கள் இங்கேயும் விடலாமென்று நினைத்தால் தோல் போச்சு. குரோம் பதனிடலுக்குப் போகும் தோலைச் சல்பூரிக் அமிலத்தில் பி.எச். 3க்குக் கீழே இறக்குவார்கள். அப்போது கூடவே தோல் எடைக்கு 8 முதல் 10 சதவீதம் உப்பு போடுவது வீக்கத்தைத் தடுக்கத்தான். உப்பில்லாமல் அமிலத்தை விட்டால் தோல் ஜவ்வரிசி மாதிரி உப்பிக் கண்ணாடியாகிவிடும். நார் கெட்டுப்போனால் திரும்பாது.

பிக்கிள் உப்பைக் குறைக்க மூன்று வழி. வீங்க வைக்காத சல்போனிக் அமிலங்கள் இருக்கின்றன. உப்பு மிச்சம், ஆனால் விலை கூடுதல், கழிவில் கரிமச் சுமையும் ஏறும். பிக்கிள் நீரை வடித்து, அளவு பார்த்துத் திரும்பப் பயன்படுத்துவது இரண்டாவது. உப்பு அடியோடு போகாது, வெகுவாகக் குறையும். மூன்றாவது, பிக்கிளே வேண்டாமென்று ஆவாரம்பட்டைக்குப் போவது. சுண்ணாம்பை நீக்கிய தோலின் கழுத்துப் பக்கம் ஒரு கீறு கீறி ஃபினாப்தலீன் ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் உள்ளே சுண்ணாம்பு மிச்சமிருக்கிறது, இன்னும் எடுக்க வேண்டும். நிறம் வராவிட்டால் லேசான பட்டைச்சாற்றில் தொடங்கி நாளுக்கு நாள் கெட்டியாக்கி, கடைசியில் கடுக்காய். வாரக்கணக்கில் இழுக்கும். சாயம் ஏற்றாமலே நல்ல இளமஞ்சள் தோல் கிடைக்கும். செருப்பு உள்தோலுக்கும் பைக்கும் நான் இதைத்தான் எடுப்பேன்.

மேச்சேரி ஆட்டுத்தோலை முடியோடு விரிப்பாக்க நினைப்பவருக்கு மட்டும் சுண்ணாம்பு உதவாது. அவர் பச்சைத்தோலை அலசி, சதை சீவி, அன்றைக்கே பிக்கிளில் போடலாம். அதுவே காப்பும் ஆகிவிடும். காப்பு உப்பு மிச்சம், பிக்கிளுக்கான உப்பு போட்டே ஆக வேண்டும்.