மாபெரும் சென்டர் யார்? முதலில் அளவுகோலைப் பேசித் தீர்ப்போம்

கூடைப்பந்து பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. வரலாற்றிலேயே தலைசிறந்த சென்டர் (வளையத்தருகே ஆடும், பொதுவாக அணியிலேயே உயரமான ஆட்டக்காரர்) யார் என்ற வாக்குவாதம் எப்படியும் கிளம்பிவிடும். ஒருவர் பில் ரஸ்ஸலின் 11 பட்டங்களைச் சொல்வார். இன்னொருவர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் அடித்த 100 புள்ளிகளைச் சொல்வார். மூன்றாமவர் கரீம் அப்துல் ஜபார் சேர்த்துவைத்த 38,387 புள்ளிகளைக் கொண்டுவந்து வைப்பார். மூன்றும் உண்மைதான். ஆனால் ஒருவர் வெற்றியை அளக்கிறார், இன்னொருவர் உச்சத்தை அளக்கிறார், மூன்றாமவர் நீடித்த உழைப்பை அளக்கிறார். பெயர்களை மோதவிடுவதற்கு முன்னால் அளவுகோல்களை மோதவிட வேண்டும் என்பது என் கட்சி.

பட்டங்களை எண்ணுவது இருப்பதிலேயே சுலபமான அளவுகோல். அதன்படி ரஸ்ஸலுக்குப் பக்கத்தில்கூட யாரும் வர முடியாது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 சீசன் ஆடி 11 பட்டம் வென்றார். கடைசி இரண்டு பட்டங்கள் ஆட்டக்காரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் ஒரே சமயத்தில் இருந்து வென்றவை. இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதிலும் நியாயமானதே. அவர் வந்தபோது லீகில் இருந்தவை எட்டே அணிகள். கூட ஆடியவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. பட்டம் என்பது அணியின் சொத்து, அதை ஒருவர் கணக்கில் எழுதலாமா?

எழுதக் கூடாது என்பதற்கு ஹக்கீம் ஒலாஜுவானே போதுமான சான்று. 1988 முதல் 1991 வரை நான்கு ஆண்டும் அவருடைய ஹூஸ்டன் ராக்கெட்ஸ், பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றுகளான பிளே ஆஃபின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 1992-ல் பிளே ஆஃபுக்கே போகவில்லை. பட்டக் கணக்கை மட்டும் நம்பினால் அந்த ஐந்து ஆண்டும் அவர் சுமாரான ஆட்டக்காரர் என்று சொல்லவேண்டி வரும். அப்போது அவரை எதிர்த்து ஆடிய யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரி, எண்களைப் பார்ப்போம் என்றால் வில்ட் வந்து நிற்பார். 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்டு (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது). ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடம்தான்; அவர் சராசரியாக ஆடியது 48.5 நிமிடம். கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்கள் சராசரியை அப்படித் தூக்கிவிட்டன. 1962 மார்ச் 2-ம் தேதி பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக அடித்த 100 புள்ளிகளும் அந்த சீசனில்தான்.

இந்த எண்களை அப்படியே இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் வைப்பது தப்பு. அன்றைய ஆட்டம் ஓட்டமும் அவசரமுமாக இருந்தது. அந்த சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை வளையத்தை நோக்கி எறிந்தது, அதில் பாதிக்கு மேல் வெளியே போனது. வெளியே போன ஒவ்வொரு பந்தும் யாரோ ஒருவருக்கு ரீபவுண்டு. அணிக்குச் சராசரி 70 ரீபவுண்டுக்கு மேல் கிடைத்த காலம் அது. இன்று 45-ஐ எட்டுவதே பெரிய விஷயம். ஆக 25 ரீபவுண்டு என்பதை அன்றைய சந்தை விலையில்தான் மதிப்பிட வேண்டும். அதேசமயம் அதே லீக், அதே ஓட்டம் கிடைத்த மற்றவர்களில் அந்த ஆண்டு புள்ளியில் அவருக்கு அடுத்து வந்த வால்ட் பெல்லமியின் சராசரி 31.6. எவ்வளவு கழித்தாலும் வில்ட்டின் தனிமை அப்படியே நிற்கிறது.

அந்த வரலாறு காணாத சீசனுக்கு எம்.வி.பி. விருது, அதாவது சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, யாருக்குப் போனது தெரியுமா? ரஸ்ஸலுக்கு. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. இருவரையும் களத்தில் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் 50 புள்ளிக்காரரை விட்டுவிட்டு மற்றவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எண்களுக்குள் அடங்காத ஏதோ ஒன்றை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அது என்ன என்று புரிந்துகொள்ள ஒரு தகவல் உதவும். பிளாக்குகளை, அதாவது எதிரணி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பதை, என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில். ரஸ்ஸல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அதாவது அவருடைய முதல் தொழிலுக்குக் கணக்கே இல்லை. ரீபவுண்டை விட்டால் கணக்கில் மிஞ்சியது சராசரி 15.1 புள்ளியும் 44 சதவீத எறிதலும்தான். பந்தைக் கூட்டத்துக்குள் தட்டிவிடாமல் தன் ஆட்களிடம் போகும்படி தட்டுவது அவர் பாணி. ஒரு பிளாக் அப்படியே எதிர்த்தாக்குதலின் தொடக்கமாகிவிடும். அவருக்கு முன்னாலும் பாப் கூஸியும் பில் ஷார்மனும் இருந்த செல்டிக்ஸ் புள்ளிகளைக் குவித்தது, பட்டம் மட்டும் வாங்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற அடுத்த சீசனில் 34 வெற்றி, 48 தோல்வியோடு பிளே ஆஃபுக்கே போகவில்லை. சாம் ஜோன்ஸும் கூடவே ஓய்வு பெற்றார் என்பது உண்மைதான். ஆனாலும் வரும்போதும் போகும்போதும் ஓர் அணியை இவ்வளவு புரட்டிப்போட்ட சென்டர் வேறு யாரும் இல்லை.

இருவரும் 142 முறை மோதினார்கள். அந்த ஆட்டங்களில் வில்ட்டின் சராசரி 28.7 புள்ளி, 28.7 ரீபவுண்டு. பிளே ஆஃபில் எட்டு தொடர்களில் சந்தித்துக்கொண்டார்கள், ஏழு ரஸ்ஸலுக்கு. வில்ட் வென்ற அந்த ஒரே தொடர் 1967-ல். அந்த சீசனில் அவர் தன் புள்ளிகளை 24.1 ஆகக் குறைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு 7.8 அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) கொடுத்தார். அவருடைய பிலடெல்பியா அணி 68 ஆட்டங்களில் வென்று 13-ல் மட்டுமே தோற்றது. வில்ட்டின் ஆட்ட வாழ்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். 50 புள்ளி சீசனைவிட இது பெரிய சீசன் என்றே சொல்வேன்.

1969 இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸில் வில்ட், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் மூவரும் இருந்தார்கள். வெற்றி நிச்சயம் என்று நம்பி அரங்கத்துக் கூரையில் பலூன்களைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். செல்டிக்ஸ் தன் பிரிவில் நான்காவதாக வந்த, வயதான அணி. ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடத்துக்குள் வில்ட் முட்டியில் அடிபட்டு வெளியே போனார். பிறகு உள்ளே வருகிறேன் என்று கேட்டும் பயிற்சியாளர் விடவில்லை. செல்டிக்ஸ் 108-106 என்று வென்றது. அன்று ரஸ்ஸல் அடித்தது ஆறே புள்ளி; எடுத்தது 21 ரீபவுண்டு. புள்ளிப்பட்டியலை மட்டும் பார்த்தால் 18 புள்ளியும் 27 ரீபவுண்டும் எடுத்த வில்ட் வென்றதுபோலத் தெரியும்.

இன்னொரு அளவுகோலும் உண்டு: இவருக்காக விதியையே மாற்றினார்களா? இது கேட்கச் சுவையானது. இவர்களுக்கு முந்தைய தலைமுறை சென்டரான ஜார்ஜ் மைக்கனை அடக்க 1951-ல் வளையத்துக்குக் கீழே உள்ள பகுதியை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். வில்ட்டுக்காக 1964-ல் அது 16 அடியானது. கரீம் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோது, 1967-ல், கல்லூரி ஆட்டங்களில் டங்க் அடிப்பதையே (எழும்பிப் பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் அழுத்துவதை) தடைசெய்தார்கள். தன் காலத்தை ஒருவர் எவ்வளவு ஆட்டிப்படைத்தார் என்பதை இது காட்டும். மைக்கனை மறக்காமல் இருக்கவும் இது நல்ல வழி. ஆனால் விதி மாறிய பிறகு அவர் என்ன செய்தார் என்பதை இது சொல்லாது.

‘இன்று ஆடினால் என்ன ஆவார்?’ என்ற கேள்வியை நான் சேர்ப்பதே இல்லை. அதற்கு யாரும் என்ன பதிலும் சொல்லலாம், சரிபார்க்க வழியே இல்லை.

நான் நம்பும் அளவுகோல் எதிரணிப் பயிற்சியாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது. ஏழு ஆட்டத் தொடர். எதிரே இந்த சென்டர். இவரை எங்கே அடிப்பேன்? எந்தப் பக்கம் ஓட்டை இருக்கிறது? ஓட்டை குறையக் குறைய சென்டர் பெரியவர். அப்புறம் இரண்டாவது கேள்வி: எத்தனை ஆண்டு அப்படி ஓட்டையில்லாமல் இருந்தார்?

இப்படிப் பார்த்தால் ஷாகில் ஓ'நீல் கொஞ்சம் இறங்குகிறார். 2000 முதல் 2002 வரை மூன்று இறுதித்தொடர்களில் அவர் சராசரி 38, 33, 36.3. மூன்றிலும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. அந்த மூன்று ஆண்டுகளில் அவரைத் தடுக்க முடிந்த ஒரே உத்தி, வேண்டுமென்றே ஃபவுல் செய்து, யாரும் தடுக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்புவதுதான். ஆனால் அந்த உத்தி இருந்தது. அவருடைய ஃப்ரீ த்ரோ 52.7 சதவீதம், வில்ட்டுடையது 51.1. இழுபறியான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிரணிக்கு இது ஒரு திறந்த கதவு.

ஹக்கீமிடம் அந்தக் கதவு இல்லை. நைஜீரியாவின் லாகோஸில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடிவிட்டுப் பதின்ம வயதில் கூடைப்பந்துக்கு வந்தவர். அந்தக் கால் வேகம் கடைசிவரை இருந்தது. பிளாக்கில் 3,830 என்ற சாதனை இன்றும் அவருடையது. 2,000-க்கு மேல் ஸ்டீலும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எடுத்திருக்கிறார். 1994-ல் எம்.வி.பி., சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரர் மூன்றையும் ஒரே சீசனில் வாங்கினார். அடுத்த ஆண்டு ஆறாவது இடத்திலிருந்து பட்டம். அந்த ஆண்டின் எம்.வி.பி. டேவிட் ராபின்சனுக்கு எதிராகத் தொடர் முழுக்கச் சராசரி 35.3. ராபின்சன் கோப்பையை வாங்கிய அன்றிரவே 41 புள்ளி அடித்தார். பிறகு இறுதித்தொடரில் இளம் ஷாக்கின் ஆர்லாண்டோவை 4-0 என்று வென்றார். ஒரே ஒரு தொடருக்கு ஒரு சென்டரை எடு என்றால் அந்த இரண்டு ஆண்டு ஹக்கீமைத்தான் எடுப்பேன்.

ஆனால் முழு வாழ்க்கைக்கு என்றால் கரீம். அவருடைய ஸ்கைஹூக் என்ற எறிதல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தடுப்பவருக்கும் பந்துக்கும் இடையில் தன் தோளை வைத்துவிடுகிறார். 7 அடி 2 அங்குல உயரம், முழுக்க நீட்டிய கை, அதன் உச்சியில் பந்து. ஃபவுல் செய்யாமல் அதை எட்டவே முடியாது. ஃபவுல் செய்தாலும் ஃப்ரீ த்ரோவில் 72 சதவீதம் போடுவார். துள்ளலை நம்பிய அடி இல்லை என்பதால் வயதானாலும் அது போகவில்லை. 1971-லும் 1985-லும் இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரர். நடுவில் 14 ஆண்டு. 1985-ல் முதல் ஆட்டத்தில் 12 புள்ளி, 3 ரீபவுண்டு, 34 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்டு, 8 அசிஸ்ட். அப்போது அவருக்கு வயது 38.

கரீமுக்கும் ஓட்டை உண்டு. 1983-ல் மோசஸ் மலோன் ரீபவுண்டில் அவரை நசுக்கினார், பிலடெல்பியா 4-0. ஆஸ்கர் ராபர்ட்சனோ மேஜிக் ஜான்சனோ கூட ஆடாமல் பட்டம் வென்றதில்லை என்ற குறையும் உண்டு. ஆனால் 1977-ல் பில் வால்டனின் போர்ட்லாண்ட் 4-0 என்று வென்ற தொடரில்கூட கரீம் சராசரி 30 புள்ளி அடித்தார். அந்தத் தோல்வியை அவர் தலையில் எப்படிக் கட்டுவது? ஆறு எம்.வி.பி., இருபது சீசன், அதில் பெரும்பகுதி எதிரணிக்கு விடையே கிடைக்காத கேள்வியாக இருந்தவர் அவர்.

அதனால் என் வரிசை கரீம், ரஸ்ஸல், ஹக்கீம், வில்ட், ஷாக். ரஸ்ஸலின் தாக்குதலில் ஓட்டை இருந்தது, ஃப்ரீ த்ரோவும் 56 சதவீதம்தான். ஆனால் அந்த ஓட்டை வழியாக 13 ஆண்டில் இரண்டு முறைதான் பட்டம் வெளியே போனது என்பதால் இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறேன். இதில் ஹக்கீமை முன்னால் வைப்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

நிக்கோலா யோகிச் இந்த வரிசையைக் கலைத்துக்கொண்டிருக்கிறார். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் 2014-ல் 41-வது ஆளாகத் தேர்வான செர்பியர். 2023 பிளே ஆஃபில் மொத்தப் புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் மூன்றிலும் முதலாவதாக வந்து டென்வருக்கு அதன் முதல் பட்டத்தைக் கொடுத்தார். 2024-25 சீசனில் அவர் சராசரி 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்டு, 10.2 அசிஸ்ட். தாக்குதலில் இவ்வளவு முழுமையான சென்டரை யாரும் பார்த்ததில்லை. ஃப்ரீ த்ரோ போடுவார், மூன்று புள்ளி அடிப்பார், இரண்டு பேர் சூழ்ந்தால் யார் தனியாக நிற்கிறார் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் எதிரணிப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன் என்பதும் தெளிவு: அவர் காவல் காக்கும் வளையத்தை நோக்கி ஆளை ஓடவிடுவேன். அந்த ஒரு ஓட்டைக்காக இப்போதைக்கு ஆறாம் இடத்தில் வைத்திருக்கிறேன். இதே தரத்தில் இன்னும் நாலைந்து ஆண்டு ஆடினால் ஷாக்குக்கு மேலே போவார்.